குளிர் மலையில் வெப்பநாட்டுப் பூக்கள்: எதை வளர்க்கலாம், எப்படிக் காப்பாற்றலாம்?



லயத்து வாசலில் நாலு பூச்செடி இல்லாத வீட்டை நம் தோட்டங்களில் காண்பது அரிது. பழைய டின், உடைந்த வாளி, கிழிந்த உரபேக் எது கிடைத்தாலும் அதில் மண்ணைப் போட்டு ஒரு கிளையைக் குத்தி வைத்துவிடுவார்கள் நம் பெண்கள். இப்போது பூ வளர்த்து நாலு காசு பார்க்கவும் பலர் ஆசைப்படுகிறார்கள். நல்ல விடயம்தான். ஆனால் காசைப் போடுவதற்கு முன் சில சங்கதிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறோம்.

சில வருடங்களுக்கு முன் கீழ் நாட்டில் நடந்த ஒரு பயிற்சிக்குப் போயிருந்தோம். அங்கே அந்தூரியம் பூ சிவப்புச் சிவப்பாக, மெழுகு பூசியது போல நின்றது. பார்த்த சூட்டோடு வந்து, நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் அக்காமாரைக் கூட்டி "இதை வளருங்கள்" என்று சொன்னோம். ஒரு அக்கா சீட்டுக் காசை எடுத்து 12 கன்று வாங்கினார். மார்கழி வரை செடி நின்றது. தை மாதம் ஒரே இரவுப் பனியில் பன்னிரண்டும் வெந்த கீரை மாதிரிச் சாய்ந்துவிட்டன. "ஐயா, செத்தது செடி மட்டும் இல்லீங்க. மகளுக்குச் சப்பாத்து வாங்க வச்சிருந்த காசுங்க" என்றார் அந்த அக்கா. எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதில்தான்.

ஏன் செத்தது?

மேலே ஏற ஏறக் குளிர் கூடும். 1,000 மீற்றர் ஏறினால் ஏறக்குறைய 6 பாகை வெப்பம் குறையும். கொழும்பில் சராசரி வெப்பம் 27 பாகை செல்சியஸ் அளவில் இருக்க, 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 16 பாகை அளவுதான். அந்தூரியம் 18 பாகைக்கு மேல் சுகமாக வளரும். 15 பாகைக்குக் கீழே போனால் வளர்ச்சி மந்தமாகிவிடும். உறைபனி பட்டால் முடிந்தது.

ஆனால் "வெப்பநாட்டுச் செடி எதுவுமே குளிரில் வராது" என்று நினைக்க வேண்டாம். வெப்பநாட்டிலும் உயர்ந்த மலைகள் இருக்கின்றன அல்லவா? தென் அமெரிக்காவின் மலைகளில் பிறந்த பூக்சியாவும், இமயமலைப் பக்கத்துக் குளிரில் பிறந்த சிம்பிடியம் ஓர்க்கிட்டும் நம் மலைக்கு வந்தால் சொந்த ஊர் போல வளரும். ஆகவே செடி வாங்கும்போது "இது வெளிநாட்டுச் செடியா?" என்று கேட்பதை விட, "மலையில் பிறந்ததா, கீழே பிறந்ததா?" என்று கேளுங்கள்.

உங்கள் தோட்டத்துக்கு எது?

*600 முதல் 1,200 மீற்றர் வரை:* அந்தூரியம், டென்ட்ரோபியம் ஓர்க்கிட், செம்பருத்தி, மல்லிகை எல்லாம் வரும். அந்தூரியத்துக்கு நேர் வெயில் ஆகாது. நல்ல நிழல் வேண்டும். வெறும் மண்ணில் நடாமல் தேங்காய் மட்டைத் துண்டு, செங்கல் துண்டு, கரி ஆகியவற்றைக் கலந்து நட்டால் வேர் அழுகாது.

*1,200 மீற்றருக்கு மேல்:* மல்லிகையும் கனகாம்பரமும் குளிரில் முடங்கிவிடும். செடி இருக்கும், பூ இருக்காது. செம்பருத்தி இலையையும் மொட்டையும் உதிர்க்கும். ஆசைக்கு ஒரு செடி வைப்பதானால் பின்னேர வெயில் படும் சுவரோரமாகத் தொட்டியில் வையுங்கள். பகலில் சூடேறிய சுவர் இரவில் கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டைத் திருப்பிக் கொடுக்கும். விற்பதற்கு இவற்றை நம்ப வேண்டாம். கோயிலுக்குப் பூ வேண்டுமானால் செவ்வந்தி குளிருக்கு நன்றாக வரும்.

மேல் மலைக்கு நாங்கள் சொல்லும் செடிகள் மூன்று.

1. ஹைட்ரேஞ்சியா. காசு செலவில்லை. முற்றலும் இளசுமில்லாத கிளையை 6 அங்குலம் வெட்டி, கீழ் இலைகளைக் கழித்து, நிழலில் ஈரமண்ணில் நட்டால் வேர் விடும். தேயிலை மண் புளிப்பு மண். அதிலே அலுமினியத்தைச் செடி எளிதாக உறிஞ்சுவதால் பூ நீலமாக வரும். அதே செடிக்குச் சுண்ணாம்பு போட்டால் ரோஸ் நிறத்துக்கு மாறும். வெள்ளைப்பூ வகை மட்டும் இப்படி மாறாது.

2. ஆரம் லில்லி. ஈரம் பிடிக்கும். கான் ஓரத்தில் கிழங்கை வைத்தால் போதும், தானாகக் கூட்டம் போடும். வெள்ளைப்பூவைக் கலியாணத்துக்கும் தேவாலயத்துக்கும் கேட்டு வருவார்கள்.

3. சிம்பிடியம் ஓர்க்கிட். இது நம் குளிரை விரும்பும் செடி. இரவு 10 முதல் 15 பாகை வரை குளிர்ந்தால்தான் பூத்தண்டு விடும். அதனால்தான் கொழும்பில் இலையாகவே நிற்கிறது. மரப்பட்டைத் துண்டும் கரியும் கலந்து நடுங்கள். ஆனால் பொறுமை வேண்டும். சின்னக் கன்று பூக்க மூன்று வருடமும் அதற்கு மேலும் ஆகலாம். ஆகவே கடன் வாங்கி இதில் இறங்க வேண்டாம். முதலில் ஹைட்ரேஞ்சியா, அதில் வந்த காசில் ஓர்க்கிட் என்று போங்கள்.

பனியிலிருந்து காப்பது

தை, மாசியில் வானம் தெளிந்து காற்று அசையாத இரவுகளில்தான் உறைபனி விழும். மேகம் இல்லாததால் நிலத்தின் சூடு மேலே போய்விடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். பள்ளத்துத் தேயிலை கருகி நிற்க, மேட்டுத் தேயிலை பச்சையாய் நிற்பதை நீங்களே மலையில் பார்த்திருப்பீர்கள். செடிக்கும் அதே கணக்குத்தான்.

- தொட்டிகளைப் பள்ளத்தில் வைக்காதீர்கள். இஸ்தோப்பிலோ கூரை இறவாரத்தின் கீழோ வையுங்கள்.
- பொழுது சாயுமுன் சாக்கால் மூடுங்கள். குச்சி நட்டு அதன் மேல் போடுங்கள், இலையில் படக்கூடாது. காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள்.
- தண்ணீரைக் காலையில் ஊற்றுங்கள். குளிர்காலத்தில் ஈரம் கூடினால் வேர் அழுகும்.
- கருகிய இலையை உடனே வெட்ட வேண்டாம். பனிக்காலம் முடியட்டும். கருகிய இலைதான் கீழே உள்ள குருத்துக்குப் போர்வை.

கவனம், கவனம்!

ஸ்டோரில் கழித்த மருந்துக் கேனை வெட்டித் தொட்டியாக்காதீர்கள். பிள்ளைகள் கைவைக்கும் பொருள் அது. தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கினால் நுளம்பு முட்டையிடும். வாரம் ஒரு தடவையாவது கொட்டிக் கழுவுங்கள். அரளியும், தலைகீழாய்த் தொங்கும் பெரிய ஊமத்தைப் பூவும் நஞ்சு. ஆரம் லில்லியைக் கடித்தாலும் வாய் வெந்துவிடும். பிள்ளைக் காம்பராப் பக்கம் இவை வேண்டவே வேண்டாம்.

காட்டு ஓர்க்கிட்டைப் பிடுங்கி விற்கச் சொல்லி யாராவது வந்தால் மறுத்துவிடுங்கள். வெசாக் மலர் போன்றவை சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. பிடிபட்டால் வழக்கு உங்கள் மேல் வரும். வீட்டில் வேண்டாமென்று பிடுங்கிய செடியைக் காட்டோரம் வீசுவதும் தவறு. வெளிநாட்டிலிருந்து வந்த கோர்ஸ் முட்செடி ஹோர்ட்டன் சமவெளியில் பரவி, பிடுங்கிப் பிடுங்கி மாளவில்லை.

விற்பது எப்படி?

சித்திரை மாதம் நுவரெலியாவில் வசந்த காலம். ஊர் ஊராக ஆட்கள் வருவார்கள், மலர்க் கண்காட்சியும் நடக்கும். வெட்டுப்பூவை விட, தொட்டியில் வேர்விட்ட கன்று தாங்கும். அன்று விற்காவிட்டாலும் வாடாது. ஐந்தாறு வீடு சேர்ந்து போனால் வண்டிச் செலவும் குறையும். பந்தலோ கொட்டிலோ போடுவதானால், லயத்து நிலம் தோட்டத்துக்குரியது என்பதால், முன்கூட்டியே துரையிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். 7 பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்தவர்களுக்கு இன்னும் வசதி.

ஹக்கலையைப் பாருங்கள்

1861ஆம் ஆண்டு ஹக்கலைத் தாவரவியல் பூங்காவைத் தொடங்கியது சிங்கோனா மரத்தை வளர்த்துப் பார்ப்பதற்காக. காய்ச்சல் மருந்து கொடுக்கும் அந்த மரமும் மலைநாட்டுக்கு வெளியிலிருந்து வந்ததுதான். முதலில் கொஞ்சம் நட்டுப் பார்த்து, பிறகு பரப்பினார்கள். அந்த வழியை நாங்கள் மறந்ததால்தான் அன்று 12 கன்று செத்தது. ஒரு கன்றை மட்டும் வாங்கி ஒரு பனிக்காலம் பார்க்கச் சொல்லியிருந்தால் ஒரு கன்றின் காசோடு போயிருக்கும்.

அந்த அக்கா எங்களோடு கோபித்துக்கொண்டு உட்காரவில்லை. பங்களா வேலியோரம் கவ்வாத்து வெட்டிப் போட்ட ஹைட்ரேஞ்சியாக் கிளைகளைக் கேட்டு வாங்கி நட்டார். போன சித்திரையில் அவர் வாசலில் நீலப்பூவாக நின்றது. நாங்கள் ஒரு கன்று காசு கொடுத்துத்தான் வாங்கினோம். "ஐயா, இதுக்குப் பனி விழுந்தா சாக்கு போடுங்க, மறந்துராதீங்க" என்று எங்களுக்கே சொல்லிக் கொடுத்தார்.

நீங்களும் புதுச் செடி வாங்குமுன் ஒரு தடவை எங்களிடம் வந்து கேளுங்கள். தெரிந்தால் சொல்வோம். தெரியாவிட்டால் ஒரே ஒரு கன்றை உங்களோடு சேர்ந்து நட்டுப் பார்ப்போம்.