பிரெஞ்சு கற்பிக்கும் ஆசிரியர்

பிரெஞ்சு பாஷை கற்கப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது கட்டணம் எவ்வளவு, எத்தனை மாதத்தில் பேச வரும் என்ற இரண்டைத்தான். இந்தப் பாஷை நமக்கு எந்தக் காரியத்துக்கு வேண்டியிருக்கிறது என்பதை அதற்கு முன்னால் தீர்மானித்துக்கொண்டால் பாதி ஆசிரியர்கள் தாமாகவே விலகிவிடுவார்கள். பிளஸ் டூவில் மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சு எடுத்துத் தொண்ணூறுக்கு மேல் வாங்கிய பிள்ளை, பாரிஸிலிருந்து வந்த விருந்தாளி ஊர் எது என்று கேட்டால் விழிப்பது நம் பக்கத்தில் அபூர்வமன்று. அந்தப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்வதில் நிபுணராயிருப்பவர் வேலைக்காகவோ மேற்படிப்புக்காகவோ வருகிறவருக்குப் பொருத்தமாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

கனடாவின் மத்திய அரசுத் திட்டங்களின் வழியே அங்கே குடியேற விரும்புகிறவருக்கு டி.இ.எஃப். கனடா அல்லது டி.சி.எஃப். கனடா பரீட்சைதான் வேண்டும். அதன் முடிவு 2 ஆண்டுகளுக்கே செல்லும். ஆயுள் முழுதும் செல்லுபடியாகும் டெல்ஃப் சான்றிதழ், அந்தக் குடியேற்ற விண்ணப்பத்துக்கு உதவாது. இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்ட மாத்திரத்தில் சொல்லத் தெரியாத ஆசிரியரிடம் பணம் கட்டுவதைச் சற்று ஒத்திப்போடலாம். டெல்ஃபில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்ற நான்குக்கும் தலா 25 மதிப்பெண். மொத்தத்தில் 50 வாங்கினாலும் ஏதேனும் ஒன்றில் 5-க்குக் கீழே போனால் தேர்ச்சியில்லை. ஆகையால் இலக்கணப் பயிற்சியிலேயே ஆண்டைக் கழிக்கும் ஆசிரியர், பரீட்சைக்குக்கூட முழுதாக உதவுகிறவரல்லர்.

ஆசிரியரின் தகுதி நன்றாக வெளிப்படும் இடம் உச்சரிப்பு. பிரெஞ்சில் 'மேலே' என்பதற்கும் 'கீழே' என்பதற்கும் உள்ள சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் 'தெஸூ' என்றே வரும். உயிரொலி ஒன்றே அவற்றைப் பிரிக்கிறது. நாக்கை 'ஈ' சொல்லும் நிலையிலேயே வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் 'ஊ' என்று குவிக்கச் சொன்னால், 'மேலே'க்குரிய ஒலி சற்று நேரத்தில் பிடிபடும். அப்படி வாய்க்கு வழி சொல்லாமல், 'திரும்பச் சொல்லுங்கள்' என்று மட்டும் பத்து முறை சொல்கிறவர் ஆசிரியரல்லர், ஒலிநாடா. மூக்கொலிகளில் நமக்கு ஓர் அநுகூலம் உண்டு: பேச்சில் 'மரம்' என்னும்போது உதடு மூடாமல் ஈற்றொலி மூக்கில் கரைகிறதே, ஏறக்குறைய அதே ஒலிதான் 'நல்ல' என்று பொருள்படும் 'போன்' என்ற பிரெஞ்சுச் சொல்லில் வருகிறது. அங்கே 'ன்' என்று நாக்கை அழுத்துகிற மாணவனுக்கு 'மரம்' என்ற சொல்லை நினைவூட்டத் தெரிந்த தமிழ் ஆசிரியர், ஆரம்ப நிலையில் பிரான்ஸில் பிறந்தவரைவிட மேலானவர் என்பது என் அபிப்பிராயம்.

புதுச்சேரியிலே, பிரெஞ்சுப் படையில் பணிசெய்த 'சொல்தா'க்கள் வீட்டுப் பிள்ளைகளில் சரளமாகப் பிரெஞ்சு பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், கேட்கவே இன்பமாயிருக்கும். ஆனால் பிறந்தது முதல் பேசிய பாஷையில் பிறர் ஏன் தடுக்கி விழுகிறார்கள் என்பதைப் பேசுகிறவர் எல்லோரும் யோசித்திருப்பதில்லை. அத்தகையவரிடம் இடைநிலையான பி1 நிலையைத் தாண்டிய பிறகு சம்பாஷணைக்காகப் போவதுதான் உத்தமம். அதுவரை, 1889-ஆம் ஆண்டு முதல் அவ்வூரில் இருந்துவரும் அலியான்ஸ் பிரான்ஸேஸ் போன்ற இடத்தில் பத்துப் பேரோடு உட்கார்ந்து கற்பதில் குறைவொன்றுமில்லை. கூச்ச சுபாவமுள்ளவர்களுக்குத்தான் தனி ஆசிரியர் அவசியம்.

தனி ஆசிரியரை அமர்த்துமுன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்கச் சம்மதம் கேட்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் மாணவன் எவ்வளவு நேரம் வாய் திறந்தான் என்பதையும், தவறு செய்தபோது வாக்கியத்தை அவனே திருத்திக்கொள்ள விட்டாரா, பாதியிலேயே குறுக்கிட்டாரா என்பதையும் கவனித்தால் போதும். சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ்களை அதன் பிறகு சாவகாசமாகப் படித்துக்கொள்ளலாம். ஆறு மாதக் கட்டணத்தை முன்னதாகக் கேட்கிறவரிடம், முதல் மாதத்துக்கு மட்டும் செலுத்தலாமா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.