கப்பி மீன் கற்றுத்தரும் இயற்கைத் தேர்வு

கொசுப்புழுக்களை உண்ணும் மீன் என்ற அளவில் கப்பி மீனை நாம் அனைவரும் அறிவோம். உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கும் எனக்கு அது பரிணாமப் பாடத்தின் சிறந்த துணைக்கருவி. இயற்கைத் தேர்வை விளக்கச் சொன்னால், "உயிரினம் சூழலுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது" என்று பெரும்பாலான மாணவர்கள் எழுதுகிறார்கள். இந்த ஒரு வரியில்தான் சிக்கல் இருக்கிறது. அதைத் தீர்க்கக் கப்பி உதவுகிறது.

கப்பியின் அறிவியல் பெயர் பொசீலியா ரெட்டிகுலேட்டா. தாயகம் தென் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியும் டிரினிடாட் தீவும். ஆண் மீன் சுமார் 3 செ.மீ. நீளம்; ஆரஞ்சு, கருப்பு, நீலப் புள்ளிகள் கொண்டது. பெண் மீன் அதைவிடப் பெரியது, சாம்பல் நிறம். ஆணின் குதத்துடுப்பு நீண்டு, விந்தணுக்களைப் பெண்ணின் உடலுக்குள் செலுத்தும் உறுப்பாக மாறியுள்ளது. கருவுற்ற முட்டைகள் தாயின் உடலுக்குள்ளேயே பொரிந்து, ஏறத்தாழ நான்கு வாரங்களில் நீந்தும் குஞ்சுகளாக வெளிவருகின்றன. "குட்டி போடுவதால் இது பாலூட்டியா?" என்ற கேள்வி தொடக்க வகுப்புகளிலும் எழும். பாலூட்டவில்லை, செவுள்களால் சுவாசிக்கிறது, கரு வளர்வதும் பெரும்பாலும் முட்டையில் உள்ள உணவைக் கொண்டே. எனவே அது மீன்தான்.

டிரினிடாட்டின் வடக்கு மலைத்தொடரில் ஓடும் ஓடைகளில் அருவிகள் பல உண்டு. அருவிக்குக் கீழே பைக் சிக்லிட் போன்ற பெரிய வேட்டை மீன்கள் வாழ்கின்றன. அவற்றால் அருவியைத் தாண்டி மேலே செல்ல முடிவதில்லை. அருவிக்கு மேலே ரிவுலஸ் என்னும் சிறிய மீன்தான் எதிரி. அது பெரும்பாலும் கப்பிக் குஞ்சுகளையே பிடிக்கும். கீழே வாழும் ஆண் கப்பிகள் மங்கலானவை. மேலே வாழ்பவை பளிச்சென்றவை. காரணம் எளிது. பெண் கப்பிகள் வண்ணம் மிகுந்த ஆணை விரும்புகின்றன; ஆனால் அதே வண்ணம் வேட்டை மீனின் கண்ணிலும் படுகிறது.

இந்த விளக்கம் சரிதானா என்று ஜான் எண்ட்லர் என்ற உயிரியலாளர் சோதித்தார். 1976-இல் அரிப்போ ஆற்றில் வேட்டை மீன்கள் நிறைந்த பகுதியிலிருந்து சுமார் 200 கப்பிகளைப் பிடித்து, கப்பிகளே இல்லாத, ரிவுலஸ் மட்டும் வாழ்ந்த ஒரு கிளை ஓடையில் விட்டார். ஏறத்தாழ இரண்டே ஆண்டுகளில் அங்கிருந்த ஆண் மீன்கள் முன்னோர்களைவிடத் தெளிவாக வண்ணம் கூடியிருந்தன. அதே ஓடையை டேவிட் ரெஸ்னிக் குழுவினர் தொடர்ந்து ஆராய்ந்தனர். 11 ஆண்டுகளில் அந்தக் கப்பிகள் தாமதமாக முதிர்ச்சி அடைந்து, குறைந்த எண்ணிக்கையில் பெரிய குஞ்சுகளை ஈனத் தொடங்கியிருந்தன. 1990-இல் வெளியான இம்முடிவு, இயற்கைத் தேர்வைக் களத்தில் நேரடியாகக் காட்டிய முக்கியச் சான்றுகளுள் ஒன்று.

இங்கே எந்த மீனும் தன் நிறத்தை மாற்றிக்கொள்ளவில்லை. வண்ணப் புள்ளிகளின் அமைப்பு பெரும்பாலும் தந்தையிடமிருந்து மகனுக்கு மரபாக வருகிறது. 200 மீன்களிடையே முன்பே இருந்த வேறுபாடுகளில், புதிய இடத்தில் அதிக வாரிசுகளை விட்டுச்சென்ற வகை பெருகியது, அவ்வளவே.

இதை வகுப்பில் செய்துகாட்டச் செலவில்லாத வழி உண்டு. கருப்புத் துணியில் 20 கருப்பு உளுந்து, 20 அரிசி ஆகியவற்றைப் பரப்புங்கள். ஒரு மாணவர் வேட்டை மீனாகி, 10 விநாடிகளில் கண்ணில் பட்டதை ஒவ்வொன்றாக எடுக்கட்டும். மீதமுள்ள ஒவ்வொரு மணிக்கும் அதே வகையில் இன்னொன்றைச் சேருங்கள். மூன்று சுற்றுகளுக்குப் பின் எண்ணினால் உளுந்து மிகுந்திருக்கும். அப்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்த அரிசியாவது உளுந்தாக மாறியதா?" "இல்லை, மிஞ்சியது உளுந்து" என்று மாணவர் சொல்லும்போது, அந்தத் தவறான வரி தானாகவே திருத்தம் பெறுகிறது.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். கொசு ஒழிப்புக்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அயல் இனம் கப்பி. பெண் கப்பி விந்தணுக்களைப் பல மாதங்கள் சேமித்து, ஒருமுறை இணைந்த பிறகு பலமுறை குஞ்சு ஈன வல்லது. ஆகவே ஒரே ஒரு பெண் மீன் ஒரு குளத்தில் புதிய கூட்டத்தைத் தொடங்கிவிட முடியும். அது உள்ளூர்ச் சிறு மீன்களுடன் உணவுக்குப் போட்டியிடும். கொசு ஒழிப்புக்கு மீன் விடுவதைச் சுகாதாரத் துறையின் முடிவுக்கே விட்டுவிடுவோம். ஆண்டு இறுதியில் பள்ளித் தொட்டி மீன்களை ஏரியிலோ வாய்க்காலிலோ விடாமல், அடுத்த வகுப்புக்கோ வேறொரு பள்ளிக்கோ ஒப்படைப்போம். அதன் காரணத்தை மாணவர்களையே விளக்கச் சொல்லலாம். கப்பியின் இனப்பெருக்கத்தை அவர்கள் எவ்வளவு புரிந்துகொண்டார்கள் என்பதற்கு அதுவே நல்ல மதிப்பீடு.