எலும்பில் தங்கும் நஞ்சு

பெங்களூரில் காக்ஸ் டவுனை அடுத்து ஜீவனஹள்ளி இருக்கிறது. இதுபோன்ற நகர்ப்பகுதிகளில் உழைத்துப் பிழைப்பவர்கள் பலர். சிலர் பெயிண்ட் அடிக்கிறார்கள். சிலர் பழைய பேட்டரிகளை உடைத்துப் பிரிக்கிறார்கள். சிலர் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறார்கள். இந்த மூன்று தொழிலிலும் ஓர் உலோகம் உடலுக்குள் நுழைய வழி உண்டு. அதன் பெயர் காரீயம்.

ஈயம் இரண்டு வகை

நாம் ஈயம் என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் ஈயத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று வெள்ளீயம். மற்றொன்று காரீயம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் செய்யப்படுவது. பித்தளைப் பாத்திரத்தின் உள்ளே பூச வேண்டியதும் வெள்ளீயமே. காரீயம் வேறு. அது கனமானது; விலை குறைந்தது. எனவே சிலர் வெள்ளீயத்தில் காரீயத்தைக் கலந்துவிடுகிறார்கள். அந்தப் பாத்திரத்தில் புளி ரசம் கொதித்தால் காரீயம் கரைந்து ரசத்தில் இறங்கும்.

உள்ளே வருவது எப்படி?

காரீயம் மூச்சு வழியாகவும் வாய் வழியாகவும் வருகிறது. பேட்டரித் தகடுகளை உருக்கும்போது எழும் புகையில் அது இருக்கிறது. பழைய பெயிண்டைச் சுரண்டும்போது பறக்கும் தூளிலும் இருக்கலாம். அந்தக் கையோடு சாப்பிட்டால் தூள் வயிற்றுக்குப் போகும்.

வேலை முடிந்து வீடு திரும்பும் அப்பாவின் சட்டையில் தூள் ஒட்டியிருக்கும். குழந்தை ஓடி வந்து கட்டிக்கொள்ளும். பிறகு விரலை வாயில் வைக்கும். பெரியவர் விழுங்கும் காரீயத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே உடலில் சேரும். குழந்தைக்கோ பாதி வரை சேரும். ஆகவே ஆபத்து குழந்தைக்கே அதிகம்.

சேர்ந்துகொண்டே போவது ஏன்?

கசிகிற பானை ஒன்றை நினைத்துப் பாருங்கள். கசிவதைவிட அதிகமாகத் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? பானை நிறையும். உடலும் அப்படித்தான். சிறுநீரில் காரீயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். ஆனால் தினமும் அதைவிட அதிகமாக உள்ளே வந்தால் மிச்சம் சேர்ந்துகொண்டே போகும்.

எங்கே சேருகிறது? எலும்பில். எலும்பு வளரச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். காரீயம் உடலுக்குச் சுண்ணாம்புச் சத்தைப் போலவே தோன்றுகிறது. உடல் ஏமாந்து அதை எலும்பில் வைத்துக்கொள்கிறது. பெரியவர்களின் உடலில் உள்ள காரீயத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது.

இரத்தத்தில் உள்ள காரீயம் ஒரு மாதத்தில் பாதியாகக் குறையும். எலும்பில் உள்ளதோ பல ஆண்டுகள் தங்கும். வேலையை விட்ட பிறகும் அது மெல்ல மெல்ல இரத்தத்துக்குத் திரும்பி வரும். கருவுற்ற தாயின் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து குழந்தைக்குப் போகும். கூடவே காரீயமும் போகும். தாய் சிறுவயதில் விழுங்கிய நஞ்சு பிறக்காத பிள்ளையைத் தொடுகிறது.

என்ன கெடுதல்?

வயிற்று வலி, மலச்சிக்கல், இரத்தசோகை, கை கால் தளர்ச்சி ஆகியவை வரலாம். சிறுநீரகம் கெடலாம். இரத்த அழுத்தம் கூடலாம். குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். படிப்பில் கவனம் நிற்காது. வெளியே எந்த அடையாளமும் தெரியாமலேகூட இது நடக்கும். கெட்டுப்போன மூளையை மருந்து முழுவதும் சரிசெய்யாது.

1990களின் கடைசியில் ஜார்ஜ் பவுண்டேஷன் பெங்களூர், சென்னை உள்ளிட்ட நகரங்களில் பலரின் இரத்தத்தைச் சோதித்தது. இதில் முன்னின்று உழைத்தவர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் துப்பில் வெங்கடேஷ். சோதித்த குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, அன்று கவலைக்குரியது என்று கருதிய அளவுக்கு மேல் காரீயம் இருந்தது. 2000ஆம் ஆண்டில் நாடெங்கும் காரீயம் கலந்த பெட்ரோல் விற்பனை நின்றது. வீட்டுப் பெயிண்டில் காரீயத்துக்கு 2017 முதல் சட்டம் கடுமையான வரம்பு வைத்தது. ஆனால் பழைய சுவர்களில் பழைய பெயிண்ட் இன்னும் இருக்கிறது. தெருவோரத்தில் பேட்டரி உருக்குவதும் முற்றிலும் நிற்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் என்ன சொல்கிறது? இந்த அளவு காரீயம் இருந்தால் பயமில்லை என்று சொல்லும்படி எந்த அளவும் இல்லை என்கிறது.

நாம் செய்ய வேண்டியவை

வேலை முடிந்ததும் கை, முகம் கழுவுங்கள். வேலை உடையை அங்கேயே மாற்றுங்கள். அதை மற்றத் துணிகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். வீட்டிலோ வாசலிலோ பேட்டரியை உடைக்காதீர்கள். பழைய பேட்டரியை, புது பேட்டரி வாங்கும் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். பழைய பெயிண்டை உலர்ந்தபடி சுரண்டாதீர்கள். நனைத்துச் சுரண்டுங்கள். வீட்டுத் தரையை ஈரத் துணியால் துடையுங்கள்.

வெறும் வயிற்றில் காரீயம் அதிகமாகச் சேரும். எனவே குழந்தைகளை வேளாவேளைக்குச் சாப்பிட வையுங்கள். சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் குறைந்த உடலில் காரீயம் எளிதாகச் சேரும். ராகிக் களி, முருங்கைக் கீரை, பால் ஆகியவை நல்லவை.

காரீயத்தோடு வேலை செய்பவர்கள் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இதை முதலாளியிடம் கேட்கத் தயங்காதீர்கள். காரீய நஞ்சை 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்தது. மருத்துவரிடம் போனால் வயிற்று வலியை மட்டும் சொல்லாதீர்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அப்போதுதான் அவருக்கு நோயின் காரணம் பிடிபடும்.

எலும்பில் சேர்ந்ததை எடுப்பது கடினம். சேராமல் தடுப்பது நம் கையில் இருக்கிறது.