பாலிசியில் அச்சிட்ட அந்த நேரம்

1991 டிசம்பர் 10, பிற்பகல் 2.20 மணிக்கு ஒரு வாகன விபத்து. அந்த வண்டிக்கு அன்றைக்கே இன்சூரன்ஸ் எடுத்திருந்தார்கள். ஆனால் எடுத்த நேரம் 2.55. கவர் நோட் எனப்படும் தற்காலிக இன்சூரன்ஸ் சான்றில் அந்த நேரம் தெளிவாகவே எழுதியிருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. விபத்து நடந்து 35 நிமிடம் கழித்து எடுத்த பாலிசி அந்த விபத்துக்குப் பொறுப்பேற்காது என்று தீர்ப்பு வந்தது. நஷ்ட ஈடு முழுவதும் வண்டியின் உரிமையாளர் தலையில் விழுந்தது.

இதற்கு முன்பு 1990-இல் அதே நீதிமன்றம் வேறு மாதிரி சொல்லியிருந்தது. பாலிசியில் தேதி மட்டும் இருந்தால், அந்த நாள் தொடங்கும் நள்ளிரவு முதலே பாதுகாப்பு உண்டு என்பது அந்தத் தீர்ப்பு. அன்று காலையில் விபத்து நடந்து மாலையில் பாலிசி எடுத்திருந்தாலும் இன்சூரன்ஸ் நிறுவனம் தப்ப முடியாது. அதன் பிறகுதான் நிறுவனங்கள் நேரத்தையும் சேர்த்து எழுதுவதில் கவனமாக இருந்தன. நேரம் எழுதப்பட்டிருந்தால் அந்த நேரத்திலிருந்துதான் பாதுகாப்பு என்பதை அடுத்தடுத்த தீர்ப்புகள் உறுதிசெய்தன. இன்று உங்கள் கைக்கு வரும் பாலிசியில் தொடங்கும் தேதிக்குப் பக்கத்தில் மணியும் நிமிடமும் இருக்கும். பிரீமியத் தொகையைப் பார்க்கும் நாம் அந்த வரியைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை.

மோட்டார் இன்சூரன்ஸில் ஆபத்தான ஆள் யார் என்று கேட்டால், வேகமாக ஓட்டுபவர், குடித்துவிட்டு ஓட்டுபவர் என்போம். சாலையில் அது சரி. ஆனால் நம் நாட்டில் தேர்டு பார்ட்டி, அதாவது அடுத்தவருக்கு நேரும் பாதிப்புக்கான பிரீமியம் ஓட்டுபவரின் பழக்கத்தைப் பார்த்து வைக்கப்படுவதில்லை. தனியார் கார், பைக் என்றால் எஞ்சினின் சிசி கணக்குதான். 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த கட்டணத்தில் 75-க்கு மேல் 150 சிசி வரையுள்ள பைக்குக்கு ஆண்டுக்கு 714 ரூபாய். என்னைக் கேட்டால், இங்கே மிகப் பெரிய ஆபத்தில் இருப்பவர் பாலிசி லேப்ஸ் ஆன வண்டியை ஓட்டுபவர்தான். அவர் நிதானமாக ஓட்டுபவராகவே இருக்கலாம். குறுக்கே வந்த ஒருவர் இறந்துபோனால், தவறு வண்டி ஓட்டியவர் மீது என்று தீர்ப்பாகும் பட்சத்தில், உயிரிழப்புக்கான இழப்பீட்டுக்கு உச்சவரம்பே கிடையாது. 714 ரூபாய் கட்டியிருந்தால் நிறுவனம் கொடுத்திருக்கும் தொகைக்கு வீட்டையும் நிலத்தையும் விற்க வேண்டிவரும்.

லேப்ஸ் ஆவதற்குப் பெரிய காரணம் அலட்சியம் இல்லை, தவறான நம்பிக்கை. “90 நாள் டைம் இருக்கு சார்” என்று சொல்வதை எங்கும் கேட்கலாம். அந்த 90 நாள் என்.சி.பி. எனப்படும் சலுகைக்கானது. கிளெய்ம் செய்யாமல் இருந்ததற்காகக் கிடைத்த தள்ளுபடி, பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பித்தால் கைவிட்டுப் போகாது. அவ்வளவுதான். அந்த 90 நாளில் ஒரு நாள்கூட வண்டிக்கு இன்சூரன்ஸ் பாதுகாப்பு கிடையாது. ஆயுள் காப்பீட்டில் பிரீமியம் கட்டத் தவறினால் சலுகை நாட்கள் உண்டு. மோட்டாரில் அப்படி எதுவும் இல்லை. முடியும் நாளின் நள்ளிரவோடு கதை முடிந்தது.

இன்னொரு பொறி, புது வண்டி வாங்கியவர்களுக்கு. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு 3 ஆண்டும் புது டூவீலருக்கு 5 ஆண்டும் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸைச் சேர்த்தே எடுக்க வேண்டும். ஷோரூமில் “அஞ்சு வருஷத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கு” என்கிறார்கள். உண்மைதான், ஆனால் அது அடுத்தவருக்கு நேரும் பாதிப்புக்கு மட்டும். உங்கள் வண்டியின் சேதத்துக்கும் திருட்டுக்குமான ஓன் டேமேஜ் பகுதி பெரும்பாலும் முதல் ஆண்டோடு முடிந்துவிடும். இரண்டாம் ஆண்டில் பைக் திருடு போய், பாலிசியைக் கையில் எடுக்கும்போதுதான் ஒரே தாளில் இரண்டு முடிவுத் தேதிகள் இருப்பது பலருக்குத் தெரிகிறது. இன்றைக்கே அந்த இரண்டு தேதிகளையும் போனில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

சரி, லேப்ஸ் ஆகிவிட்டது. இன்று பணம் கட்டினால் பாதுகாப்பு எப்போது தொடங்கும்? கெடுவுக்கு முன்பே புதுப்பித்தவருக்குப் பழைய பாலிசி முடிந்த மறு நிமிடமே புதியது தொடங்கும். லேப்ஸ் ஆனவருக்கு அந்த வசதி இல்லை. தேர்டு பார்ட்டி மட்டும் என்றால் பெரும்பாலும் வண்டியைப் பார்க்காமலே கொடுத்துவிடுவார்கள். ஓன் டேமேஜும் வேண்டுமென்றால் ஆய்வாளர் வந்து பார்ப்பார், அல்லது உங்களையே வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வார்கள். ஒப்புதல் வந்த பிறகே பாலிசி. ஆன்லைனில் எடுக்கும்போது சில நிறுவனங்கள் தொடக்கத் தேதியை ஓரிரு நாள் தள்ளியே போடுகின்றன. பணம் போன மெசேஜ் வந்த உடனே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவது இந்த இடைவெளியில்தான் ஆளைக் கவிழ்க்கும். குட்டியானை ஓட்டிப் பிழைப்பவருக்கு இரண்டு நாள் வண்டியை நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ஆனாலும் பாலிசியில் உள்ள நேரம் வரும் வரை வண்டி வீட்டு வாசலிலேயே நிற்கட்டும்.

பணம் யார் கைக்குப் போகிறது என்பதும் முக்கியம். 1938-ஆம் ஆண்டின் இன்சூரன்ஸ் சட்டம், 64விபி பிரிவு, பிரீமியம் வந்து சேராமல் எந்த நிறுவனமும் பொறுப்பேற்கக் கூடாது என்கிறது. ஏஜென்ட் வாங்கிய பணத்தை, வங்கி மற்றும் தபால் விடுமுறை நாட்கள் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் நிறுவனத்தில் சேர்க்க வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. ஏஜென்ட் எவ்வளவு பழகியவராக இருந்தாலும் அவருடைய சொந்த ஜிபே எண்ணுக்கு அனுப்பாதீர்கள். நிறுவனத்தின் பெயருக்கே கட்டுங்கள். செக் கொடுத்து அது திரும்பிவிட்டால்? நிறுவனம் பாலிசியை ரத்துசெய்து அந்தத் தகவல் விபத்துக்கு முன்பே உரிமையாளருக்குப் போய்ச் சேராதவரை, பாதிக்கப்பட்ட மூன்றாம் நபருக்கு நிறுவனம் பணம் கொடுத்தாக வேண்டும் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கொடுத்ததை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம். ஆனால் 2022 ஏப்ரல் 1-இல் அமலுக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம், பிரீமியம் வராததை நிறுவனம் எடுத்துவைக்கக்கூடிய வாதமாகவே 150-ஆம் பிரிவில் சேர்த்துவிட்டது. பழைய தீர்ப்பை மட்டும் நம்பியிருக்க முடியாது.

பழைய வண்டி வாங்கினால், விற்றவரின் தேர்டு பார்ட்டி பாதுகாப்பு வாங்கியவருக்கு மாறியதாகவே சட்டம் கருதும். ஓன் டேமேஜ் அப்படித் தானாக மாறாது. 14 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். பாலிசி உயிரோடு இருந்தாலும், குடித்துவிட்டு ஓட்டியிருந்தாலோ லைசென்ஸ் இல்லாவிட்டாலோ ஓன் போர்டு காரை வாடகைக்கு ஓட்டியிருந்தாலோ உங்கள் வண்டிக்கான கிளெய்ம் நிற்காது.

இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் அபராதம் 4,000. ஒரு விபத்தின் இழப்பீட்டோடு வைத்துப் பார்த்தால் இதெல்லாம் சில்லறை.

இன்சூரன்ஸ் இல்லாத வண்டி மோதிப் பாதிக்கப்பட்டவர் நீங்களாக இருந்தால், கைவிடப்பட்டதாக நினைக்க வேண்டாம். உரிமையாளர் போதுமான ஜாமீன் கொடுக்காமல் அந்த வண்டியை விடுவிக்கக் கூடாது. ஜாமீன் கொடுக்காவிட்டால் 3 மாதத்துக்குப் பிறகு வண்டியை ஏலம் விட்டு, பணத்தைத் தீர்ப்பாயத்தில் கட்ட வேண்டும். இப்படி விதி செய்யுமாறு 2018-இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. வண்டி ஸ்டேஷனில் நிற்கும்போதே வழக்கறிஞர் மூலம் இதைக் கேளுங்கள். மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் மனுப் போட விபத்து நாளிலிருந்து 6 மாதம் என்று இன்றைய சட்டம் சொல்கிறது. மருத்துவச் செலவுக்கு 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசுத் திட்டத்தில் 7 நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் அளவுக்குப் பணமில்லாச் சிகிச்சை உண்டு.

பாலிசி தொடங்கிய நேரத்தைக் காட்டி நிறுவனம் உங்கள் கிளெய்மைத் தள்ளினால், காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். பணம் கட்டிய நேரத்தைக் காட்டும் வங்கி மெசேஜையும் பாலிசி வந்த மின்னஞ்சலையும் அழிக்காதீர்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் சரியில்லாவிட்டாலோ ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையிலும் அதற்கு அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.