வரி மாறியது, மென்பொருள் மாறியதா?

வளைகுடா நாடுகளில் கணக்கு எழுதும் எம்மவர்கள் 2020 யூலை 1ஆம் திகதியை மறந்திருக்க மாட்டார்கள். அன்றுதான் சவூதி அரேபியா பெறுமதிசேர் வரியை 5 வீதத்திலிருந்து 15 வீதமாக உயர்த்தியது. அமீரகமும் சவூதியும் 2018 ஜனவரி 1இல் 5 வீதத்துடன் இந்த வரியைத் தொடங்கின. பஹ்ரெய்ன் 2019இல் 5 வீதத்தில் தொடங்கி 2022இல் 10 வீதமாக்கியது. ஓமான் 2021 ஏப்ரலில் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் கணக்கு மென்பொருளையும் மாற்ற வேண்டியிருந்தது. சிறு நிறுவனங்கள் பல, தமக்கென்று யாரோ எழுதிக் கொடுத்த மென்பொருளையே பாவிக்கின்றன. அங்கே ஒரு பொறி இருக்கிறது.

வணிகம் படித்த எமக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமல்ல. மூல ஆவணத்திலிருந்து முதற் பதிவேடு, அங்கிருந்து பேரேடு, அதிலிருந்து பரீட்சை மீதி, கடைசியில் ஐந்தொகை. மென்பொருளும் இப்படித்தான் உருவாகிறது. மனிதர் எழுதும் மூலக்கோப்புகளைத் தொகுப்பான் ஒவ்வொன்றாக இயந்திர மொழிக்கு மாற்றி இடைநிலைக் கோப்புகளாக வைக்கிறது. இணைப்பான் அவற்றை ஒன்றுசேர்த்து, நாம் இயக்கும் செயலியாக்குகிறது.

ஒரு பற்றுச்சீட்டு திருத்தப்பட்டால் முழுப் பேரேட்டையும் நாம் திரும்ப எழுதுவதில்லை; அதோடு தொடர்புள்ள கணக்குகளை மட்டும் திருத்துகிறோம். அதேபோல, மாறிய கோப்பை மட்டும் திரும்பத் தொகுக்க ஒரு கருவி உண்டு. அதன் பெயர் மேக். 1976இல் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டுவர்ட் ஃபெல்ட்மன் அதை எழுதினார். பிழையைத் திருத்திய பின்னும் பழைய இடைநிலைக் கோப்பே செயலியில் இருந்ததால் சக ஊழியர் ஒருவரின் ஒரு காலைப்பொழுது வீணானது. அதுவே இக்கருவி பிறந்த கதை.

மேக் இரண்டு விடயங்களை நம்புகிறது. ஒன்று, எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்று நாம் கொடுக்கும் பட்டியல். மற்றது, கோப்புகளின் நேர முத்திரை. இரண்டுமே ஏமாற்றக்கூடியவை.

முதலில் பட்டியல். வரி வீதம் ஒரு பொதுத் தலைப்புக் கோப்பில் இருக்கிறது என்று வைப்போம். பற்றுச்சீட்டுப் பகுதியும் வரி அறிக்கைப் பகுதியும் அதை வாசிக்கின்றன. ஆனால் பட்டியலில் அறிக்கைப் பகுதிக்கு மட்டுமே அந்தத் தொடர்பு எழுதப்பட்டிருக்கிறது. 5ஐ 15 ஆக்கினால் அறிக்கைப் பகுதி மட்டும் திரும்பத் தொகுக்கப்படும். 1,000 ரியால் விற்பனைக்குப் பற்றுச்சீட்டு 50 ரியால் வரி அறவிடும்; அறிக்கை 150 ரியால் கட்டச் சொல்லும். மீதி 100 ரியால் முதலாளியின் கையிலிருந்து போகும். பேரேட்டில் பற்றும் வரவும் சமமாகவே விழுவதால் பரீட்சை மீதி இதைக் காட்டித்தராது.

அடுத்தது நேரம். இலங்கை நேரம் டுபாயை விட ஒன்றரை மணித்தியாலம் முந்தியது. சிப் கோப்பின் அடிப்படை வடிவம் உள்ளூர் நேரத்தை மட்டுமே எழுதுகிறது. எந்த நாட்டு நேரம் என்று எழுதுவதில்லை. டுபாயில் பிற்பகல் 2.30க்குத் திருத்திய கோப்பை யாழ்ப்பாணத்தில் விரித்தால் அங்கும் 2.30 என்றே காட்டும். உண்மையில் அப்போது யாழ்ப்பாணத்தில் 4 மணி. அங்கே 3.30க்கு ஏற்கெனவே தொகுத்திருந்தால், புதிய கோப்பு பழையதாகத் தெரியும். மேக் அதைத் தொடாமல் விட்டுவிடும். 1996இல் கொழும்பு கடிகாரத்தை மாற்றியபோது வன்னி பழைய நேரத்திலேயே இருந்ததை எம் உறவுகள் அறிவார்கள். நேரத்தைச் சொல்பவர் எந்த நேரம் என்றும் சொல்லாவிட்டால் வரும் குழப்பம் எமக்குப் புதிதல்ல.

தீர்வுகள் உண்டு. வரி மாறும் நாளில் இடைநிலைக் கோப்புகள் அனைத்தையும் அழித்துவிட்டு முழுவதையும் புதிதாகத் தொகுக்கச் சொல்லுங்கள். சார்புப் பட்டியலைக் கையால் எழுதாமல் தொகுப்பானிடமே பெறலாம். ஜிசிசி போன்றவை அதைத் தரும். கூகுள் வெளியிட்ட பேசல் போன்ற கருவிகள் நேரத்தை விட்டு, கோப்பின் உள்ளடக்கம் மாறியதா என்று பார்க்கின்றன. எல்லாவற்றிலும் நல்லது, வரி வீதத்தை நிரலுக்குள் புதைக்காமல், அமுலுக்கு வரும் திகதியோடு தனி அட்டவணையில் வைப்பது.

நிரல் தெரியாத கணக்காளரும் ஒன்று செய்யலாம். புதிய பதிப்பு வந்ததும் 1,000 ரியாலுக்கு ஒரு மாதிரிப் பற்றுச்சீட்டு போட்டு, அந்த வரி பேரேட்டிலும் அறிக்கையிலும் ஒரே தொகையாக வருகிறதா என்று பாருங்கள். பத்து நிமிட வேலைதான்.

வளைகுடா நாடுகள் எதுவும் 1951 அகதிகள் சாசனத்தில் ஒப்பமிடவில்லை. இங்கு எம்மை வைத்திருப்பது வேலையோடு கட்டிய வதிவிட அனுமதி மட்டுமே. கணக்கில் தவறு வந்தால் நிரல் எழுதியவரை யாரும் தேடமாட்டார்கள், கணக்காளரைத்தான் கூப்பிடுவார்கள். ஊருக்குத் திரும்ப முடியாதவருக்கு அந்தப் பத்து நிமிடம் பெரிய காப்பு.