லயக் காம்பிராவும் இருதய வால்வும்

மலையகத் தோட்டங்களில் இருதயநோய் என்ற சொல் அருகியே வழங்கும். இளைப்பு, மேல்மூச்சு, நெஞ்சுப் படபடப்பு, கால் வீக்கம் என நோயின் அறிகுறிகளே நோயின் பெயர்களாக நின்றுவிடுகின்றன. மறுபுறத்தில், இருதயநோய் பற்றித் தமிழில் வெளிவரும் பொதுநூல்கள் பெரும்பாலும் நகர்ப்புறத்து நடுத்தர வயது ஆணை மனத்திற் கொண்டு எழுதப்பட்டவை. மிகையான உணவு, உடலுழைப்பின்மை, சிகரெட்டு, மன உளைச்சல் என்பனவே அவற்றிற் காரணங்களாக நிரற்படுத்தப்படும். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு நாள்தோறும் செங்குத்தான மலைச்சரிவில் ஏறி இறங்கும் பெண்ணின் இருதயம் எவ்வாறு பழுதுறுகிறது என்ற வினாவுக்கு அந்நிரலில் விடையில்லை. விடை தேடுமுன் இருதயம் செய்யும் வேலையைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

இருதயம் மூடிய கையளவான ஒரு தசையுறுப்பு. வளர்ந்தோரில் அதன் நிறை ஏறத்தாழ 300 கிராம். ஓருறையுள் அமைந்த இரு பம்பிகள் என அதனைக் கொள்வது பொருந்தும். வலப்பக்கப் பம்பி, உடலெங்கும் சென்று ஒட்சிசனை இழந்து மீளும் குருதியை ஏற்று நுரையீரலுக்குச் செலுத்துகிறது. இடப்பக்கப் பம்பி, நுரையீரலில் ஒட்சிசன் பெற்ற குருதியை ஏற்றுப் பெருநாடி வழியாக உடல் முழுவதற்கும் அனுப்புகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் மேலே மெல்லிய சுவருடைய சோணையறையும், கீழே தடித்த சுவருடைய இதயவறையும் உள்ளன. ஓய்வு நிலையில் நிமிடத்துக்கு 70 துடிப்பு, துடிப்பொன்றுக்கு 70 மில்லிலீற்றர் எனக் கொண்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லீற்றரும் நாளொன்றுக்கு 7000 லீற்றரும் குருதி செலுத்தப்படுகின்றது. கடும் உழைப்பின்போது இவ்வளவு மூன்று நான்கு மடங்காக உயரும்.

குருதி சுற்றிவருகிறது என்பதே ஒரு காலத்தில் நம்பத்தகாத கூற்றாக இருந்தது. ஈரலில் உற்பத்தியாகும் குருதியை உறுப்புகள் உட்கொண்டு தீர்த்துவிடுகின்றன என்ற கலெனின் கொள்கை ஏறத்தாழ 1400 ஆண்டுகள் நிலவியது. 1628இல் வில்லியம் ஹாவி அதனைத் தகர்த்தார். அவருடைய வாதத்தின் வலிமை எளியதொரு பெருக்கற் கணக்கிலே தங்கியிருந்தது: ஒரு துடிப்பில் வெளியேறும் குருதியைத் துடிப்பின் எண்ணிக்கையாற் பெருக்கினால், அத்துணைக் குருதியை எந்த உணவாலும் புதிதாக ஆக்கியிருக்க முடியாது, ஆகவே அதே குருதியே மீண்டும் வருதல் வேண்டும். நாடியையும் நாளத்தையும் இணைக்கும் மயிர்க்குழாய்களை அவர் காணவில்லை. மல்பீகி 1661இல் தவளையின் நுரையீரலில் அவற்றைக் கண்டார். இவ்வறிவு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழில் வந்துவிட்டது என்பதையும் ஈண்டுக் குறிப்பிடல் தகும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்று நூல்களையும் தமிழாக்கினார். அதே நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்குக் கால்நடையாக வந்து வழியிலேயே மாண்ட தமிழருக்கு அவ்வறிவின் பயன் எட்டவில்லை.

குருதி ஒருவழியாகவே செல்லுதற்கு இருதயத்தில் நான்கு வால்வுகள் உள்ளன. இடச் சோணையறைக்கும் இடவிதயவறைக்கும் இடையிலுள்ள இருகூர் வால்வே நம் பேசுபொருளுக்கு முதன்மையானது. நலமாயுள்ளபோது அதன் திறப்பு 4 முதல் 6 சதுர சென்ரிமீற்றர். இரு விரல்கள் எளிதிற் புகலாம். அதனைச் சிதைக்கும் நோய்களுள் தலையாயது வாதக் காய்ச்சல். பெயரிலுள்ள வாதம் என்ற சொல், குளிராலும் ஈரத்தாலும் வரும் மூட்டுநோய் என்ற மயக்கத்தைத் தருகின்றது. உண்மையில் அது தொண்டையிலே தொடங்குகிறது. 'ஏ' வகுப்பு ஸ்ரெப்ரோகொக்கசு என்னும் பற்றீரியாவால் 5 முதல் 15 வயது வரையான பிள்ளைக்குத் தொண்டைப்புண் உண்டாகிறது. சில நாட்களில் அது தானாகவே ஆறிவிடும். இரண்டு மூன்று வாரங்களின் பின்னர், அப்பிள்ளைகளுள் ஒரு சிறு பங்கினருக்குக் காய்ச்சலும், மூட்டுக்கு மூட்டு மாறும் வீக்கமும், சிலவேளை கைகால்கள் தாமாக உதறும் நடுக்கமும் தோன்றும். பற்றீரியாவை எதிர்க்க எழுந்த உடலின் காப்புப்படை, பற்றீரியாவின் புரதத்தோடு ஒப்புமையுள்ள தன் இருதய இழையங்களையே பகையென மயங்கித் தாக்குவதன் விளைவு இது. மூட்டு வீக்கம் வடுவின்றி மறைந்துவிடும். வால்வின் அழற்சியோ வடுவாகின்றது. தொற்று மீள மீள வருந்தோறும் வடு தடித்து, வால்வின் இதழ்கள் ஓரங்களில் ஒட்டிக்கொள்ளும்.

இங்கேதான் லயம் வருகின்றது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிரா ஒன்றும், முன்னே இஸ்தோப்பும் ஒரு குடும்பத்தின் முழுவீடாக அமைந்த லயங்கள் வெள்ளைத் துரைமார் காலத்திற் கட்டப்பட்டவை. முதுகோடு முதுகாக இரு வரிசைக் காம்பிராக்களைக் கொண்ட இரட்டை லயங்களிற் பின்சுவரில் யன்னலுக்கு இடமேயில்லை. நுவரெலியா கடல்மட்டத்துக்கு 1868 மீற்றர் உயரத்திலுள்ளது. அற்றனுக்கு அண்மையிலுள்ள வட்டவளைப் பகுதியில் ஆண்டு மழைவீழ்ச்சி 5000 மில்லிமீற்றரையும் விஞ்சும். குளிருக்கு அஞ்சிக் கதவையடைத்து ஐந்தாறு பேர் ஒரே பாயிற் படுக்கும்போது, இருமலின் துளிகள் ஒரு முகத்திலிருந்து மறுமுகத்துக்குச் செல்ல வேண்டிய தூரம் ஒரு முழத்திலுங் குறைவு. நோயை உண்டாக்குவது குளிர் அன்று, நெருக்கம். ஐரோப்பாவிற் பெனிசிலின் 1940களிற் பொதுப் பயன்பாட்டுக்கு வருமுன்னரே வாதக் காய்ச்சல் பெரிதும் குறையத் தொடங்கியமைக்குக் குடியிருப்பும் வாழ்க்கைத்தரமும் திருந்தியமையே முதன்மைக் காரணமாகக் காட்டப்படுகின்றது. உலகில் இன்றும் 4 கோடிக்கு மேற்பட்டோர் வாதவழி இருதயநோயுடன் வாழ்கின்றனர் என மதிப்பிடப்படுகின்றது. அவர்களுட் பெரும்பாலோர் வறிய நாடுகளில், நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்பவர்கள்.

வால்வு ஒடுங்கிய இருதயத்தின் துன்பம் காலத்தைச் சார்ந்தது என்பதை விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். இதயவறை சுருங்கும்போது குருதி வெளியேறும். தளரும்போதே அதனுட் குருதி நிறையும். நிமிடத்துக்கு 70 துடிப்பு எனின், ஒவ்வொரு துடிப்பிலும் நிறைதற்கு ஏறத்தாழ அரைச் செக்கன் கிடைக்கிறது. துடிப்பு 140 ஆகும்போது அந்நேரம் பாதியாக அன்றி, அதனினும் கீழாகக் குறைந்துவிடுகிறது. அகன்ற வால்வுக்கு இது பொருட்டன்று. திறப்பு ஒன்றரைச் சதுர சென்ரிமீற்றருக்குக் கீழே சுருங்கிவிட்ட வால்வினூடாக அக்குறுகிய நேரத்திற் போதிய குருதி புக முடியாது. புக முடியாத குருதி சோணையறையிலும், அதற்குப் பின்னே நுரையீரலிலும் தேங்கும், மூச்சு முட்டும். ஆகவே இஸ்தோப்பில் அமர்ந்திருக்கையில் நலமாகத் தோன்றும் பெண், மேட்டு மலையின் நான்காவது நிரையை எட்டுகையில் மூச்சுத் திணறி நிற்கிறாள். அன்றைக்குரிய கொழுந்தின் நிறை தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். 18 கிலோ என்பது பல தோட்டங்களில் வழங்கும் அளவு. அதை நிறைக்காதவளுக்கு அரைப்பேர். இருதயத்தின் ஒடுக்கம் முதன்முதலிற் பதிவாவது வைத்தியரின் ஏட்டிலன்று, கணக்கப்பிள்ளையின் செக்றோலில் என்று கூறினும் மிகையாகாது. சோம்பேறி என்ற பெயரும் உடன் கிடைக்கும்.

கருவுற்ற காலத்தில் இவ்விடர் உச்சமடைகிறது. தாயின் குருதிக் கனவளவு 40 முதல் 50 வீதம் வரை பெருகும். துடிப்பு விரைவும் கூடும். அதுவரை மறைந்திருந்த வால்வு ஒடுக்கம் ஐந்தாம் ஆறாம் மாதத்தில் முதன்முறையாக வெளிப்படுவது மருத்துவர் நன்கறிந்த செய்தி. மகப்பேற்றை அடுத்த மணிகளும் அபாயம் நிறைந்தவை. இலங்கையின் மகப்பேற்றுக்கால இறப்புகள் அரை நூற்றாண்டில் வியக்கத்தக்க அளவு குறைந்துள்ளன. எஞ்சியவற்றின் முதன்மைக் காரணங்களுள் இருதயநோயும் ஒன்று.

வால்வு பழுதுறாத இருதயமும் மலையகத்தில் மிகையாக உழைக்க நேர்கிறது. குருதியின் ஒட்சிசனைச் சுமப்பது ஈமோகுளோபின். பெண்களில் அது டெசிலீற்றருக்கு 12 கிராமேனும் இருத்தல் வேண்டும். அது 6 ஆகக் குறைந்தால், அதே ஒட்சிசனைக் கொண்டுசெல்ல இருதயம் ஏறத்தாழ இருமடங்கு குருதியைச் செலுத்த முயலும். நுவரெலியாவின் உயரத்திற் காற்றழுத்தம் கடல்மட்டத்திலும் ஐந்திலொரு பங்கு குறைவு என்பதையும் இதனோடு சேர்த்துக்கொள்க. நெடுநாள் மிகையாக உழைத்த தசை விரிந்து தளரும். காலில் நீர் கோக்கும். பெருகியோடும் குருதியின் இரைச்சல் வால்வு நோயின் முணுமுணுப்பை ஒத்திருத்தலால், இரண்டையும் பிரித்தறிதல் ஒலிமானியொன்றை மட்டும் வைத்திருக்கும் தோட்ட டிஸ்பென்சரியில் எளிதன்று.

குருதிச்சோகையின் வரலாறு தோட்டத்தின் வரலாறே. கொழுக்கிப்புழு ஒன்று நாளுக்கு 0.03 மில்லிலீற்றர் குருதியை வீணாக்குவதாகக் கொண்டால், நூறு புழுக்கள் மாதத்துக்கு 90 மில்லிலீற்றரைக் கவரும். 1916இல் றொக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைத் தோட்டங்களிற் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியபோது, சோதிக்கப்பட்ட தொழிலாளருட் பெரும்பாலோர் புழு தாங்கியவராகவே காணப்பட்டனர். மருந்து கொடுப்பதைத் துரைமார் ஏற்றனர். மலகூடம் கட்டுவதில் அவர்களுக்கு அத்துணை ஆர்வம் இருக்கவில்லை. மருந்துண்டவர் வெறுங்காலுடன் அதே மண்ணில் மிதித்து மீண்டும் தொற்றுக்குள்ளாயினர். புழுக்கள் இன்று பெரிதும் அருகிவிட்டன. கோதுமை ரொட்டியும் சம்பலும் முதன்மை உணவாக இருக்கும்வரை இரும்புச்சத்துக் குறைபாடு எஞ்சியே இருக்கும். உணவோடு பருகும் தேநீரிலுள்ள தனின் போன்ற பொருட்கள் தாவர உணவின் இரும்பு உடலிற் சேர்வதைத் தடுக்கின்றன. தேயிலை தன்னைப் பறிப்பவளுக்கு இழைக்கும் சிறிய கொடுமை இது.

வலப்பக்கப் பம்பியின் நோய்க்கும் லயத்தில் இடமுண்டு. புகைபோக்கியற்ற சமையலறையில் ஈரவிறகின் புகையை நாற்பது ஆண்டுகள் சுவாசித்த நுரையீரலின் குருதிக்குழாய்கள் இறுகும். அவற்றை எதிர்த்துத் தள்ளும் வலவிதயவறை தடித்துப் பின் தளரும். 1917இல் பர்மாவிற் பிறந்து இந்தியாவின் முதற் பெண் இருதயநோய் வல்லுநராக விளங்கி 2020இல் மறைந்த சி. பத்மாவதி, 1950களில் தில்லியில் இந்நோயை ஆராய்ந்து, புகைபிடிக்காத பெண்களிலும் அது மலிந்திருத்தலையும் அடுப்புப் புகையின் பங்கையும் எடுத்துக்காட்டினார்.

முடியுருநாடி அடைப்பும் உயர் குருதியமுக்கமும் தோட்டங்களில் இல்லை எனக் கருதலாகாது. கருவாட்டின் உப்பு, புகையிலை, சாராயம், நீரிழிவு ஆகியன இன்று அவற்றை அங்கும் வளர்க்கின்றன. உழைப்பு ஒன்றே காப்பாகாது. எனினும் அவை எங்கும் பேசப்படுவன.

வாதவழி நோய்க்குத் திரும்புவோம். ஒட்டிய வால்வை விரலாற் பிரிக்கும் துணிவான சிகிச்சையை 1925இல் இலண்டனிற் சூட்டர் செய்தார். நெஞ்சைப் பிளக்காது, தொடை நாளத்தின் வழியே பலூனைச் செலுத்தி வால்வை விரிக்கும் முறையை யப்பானியரான இனுவே 1984இல் வெளியிட்டார். இவை வந்த நோய்க்கு. வராமற் காத்தற்கு மலிவான மருந்தொன்று எழுபது ஆண்டுகளாக உள்ளது: பென்சத்தீன் பெனிசிலின். ஒருமுறை வாதக் காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கொருமுறை அதனை ஊசியால் ஏற்றினால், தொற்று மீள்வது தடைப்படும், வடுவும் வளராது. இருதயம் தாக்கப்பட்டிருப்பின் பத்தாண்டுகளேனும் இதனைத் தொடர்தல் வேண்டும். 2018இல் உலக சுகாதார மாநாடும் இந்நோயின் தடுப்பை வலியுறுத்தித் தீர்மானம் இயற்றியது.

1872இன் மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டம் முதலாகத் தொழிலாளரின் நோய் தோட்டத்தின் பொறுப்பு என்றே கொள்ளப்பட்டு, நாட்டின் பொதுச் சுகாதார சேவையிலிருந்து மலையகம் நெடுங்காலம் விலகி நின்றது. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாகின. 1992இல் அவற்றின் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. டிக்கோயாவில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட 150 கட்டில் வைத்தியசாலை 2017 மே மாதத்தில் திறக்கப்பட்டது பெரிய முன்னேற்றம். ஆயினும் நான்கு வாரத்துக்கொரு ஊசி என்பது ஆண்டுக்கு 13, பத்தாண்டுக்கு 130. பிள்ளையை நகரத்துக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லும் ஒவ்வொரு முறையும் தாய் பிரட்டுக்குப் போவதில்லை. அவள் இழப்பது 130 பேர், பிள்ளை இழப்பது 130 பாடசாலை நாட்கள். தூளாக வரும் இம்மருந்துக்குக் குளிர்சாதனப் பெட்டியும் வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற ஒருவர், ஒவ்வாமை நேரின் உடன் கொடுக்க அதிரீனலின், ஊசியின் பின் அரைமணி நேரம் பிள்ளை அமர்ந்திருக்க ஒரு வாங்கு, தவறியவரை அடுத்தநாள் தேடிச்செல்ல ஒரு பெயரேடு ஆகியவை தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்தாற் போதும். கொழுந்து நிறுக்கும் நேரம் முடிந்தபின், மாலை ஐந்து மணிக்கு அதனைத் திறந்து வைத்தல் வேண்டும்.