உஷார்! டீச்சர் வேலைக்கு டூரிஸ்டாக விமானம் ஏறாதீர்கள்

உங்கள் வீட்டில் எம்.ஏ. இங்கிலீஷ் முடித்த பெண் இருக்கிறாளா? பி.எட். முடித்துவிட்டு, தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்குத் தொண்டை வற்றக் கத்தும் பையன் இருக்கிறானா? அப்படியானால் அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

"தாய்லாந்தில் இங்கிலீஷ் டீச்சர் வேலை. மாதம் 30,000 பாட். தங்குமிடம் இலவசம். விசா தேவையில்லை, உடனே கிளம்பலாம்."

இந்த மாதிரி விளம்பரம் உங்கள் பிள்ளையின் போனுக்கு இந்நேரம் வந்திருக்கலாம். அதில் முதல் மூன்று வரியும் உண்மையாகவே இருக்கலாம். குழி இருப்பது நான்காவது வரியில்.

எனக்கு வேண்டியவர்கள் வீட்டுப் பெண் ஒருத்தி அந்தக் குழியில் விழுந்தாள். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். கெட்டிக்காரி. கன்சல்டன்சிக்கு 1,60,000 ரூபாய் கட்டினார்கள். அம்மாவின் வளையலும் சங்கிலியும் அடகுக்குப் போயின. ஆன்லைனில் 120 மணி நேர டெஃபல் கோர்ஸ், அதாவது ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சி, ஒன்று முடிக்கச் சொன்னார்கள், முடித்தாள். "இதாம்மா உனக்கு லைசென்ஸ்" என்றார்கள். நம்பினாள்.

இந்தியர்கள் விசா இல்லாமலே வந்து 60 நாள் தங்கலாம் என்று தாய்லாந்து 2024 ஜூலையில் கதவைத் திறந்திருந்தது. சுற்றுலாப் பயணிகளுக்காகத் திறந்த கதவு அது. அதே வருடம் நவம்பர் தொடக்கத்தில், அங்கே பள்ளிகளில் இரண்டாம் பருவம் ஆரம்பிக்கும் சமயம், இவளை அந்தக் கதவு வழியாகத்தான் அனுப்பினார்கள். "டூரிஸ்ட்னு சொல்லி இறங்கும்மா. பத்தே நாள்ல ஒர்க் பெர்மிட் கைக்கு வந்துடும்."

வரவே இல்லை.

பள்ளி இருந்தது. வடகிழக்கில், ஈசான் பகுதியில், வயல்களுக்கு நடுவே ஓர் ஊர். வகுப்புக்கு நாற்பது பிள்ளைகள். காலையில் கை கூப்பி வணக்கம் சொல்லுமாம் அத்தனையும். அவளுக்கு அந்தப் பிள்ளைகளை ரொம்பப் பிடித்துப் போயிற்று. பள்ளி நிஜம், பிள்ளைகள் நிஜம் என்பதால்தான் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. சொன்ன 30,000 பாட்டில் 18,000 தான் கைக்கு வந்தது. "பேப்பர் வந்ததும் மீதி" என்றது, அங்கே அவளைப் பள்ளியில் சேர்த்த ஏஜென்சி. 60 நாள் டிசம்பர் கடைசியில் முடிந்தது. இமிக்ரேஷன் ஆபீசில் 1,900 பாட் கட்டி இன்னும் 30 நாள் வாங்கினாள். அதுவும் முடிந்தது. "விசா மாத்தணும், பாஸ்போர்ட்டைக் குடு" என்று ஏஜென்சி ஆள் வாங்கிப் போனான். திருப்பித் தரவில்லை.

அம்மாவிடம் சொல்லவில்லை. நகை அடகில் இருக்கிறதே, எப்படிச் சொல்வது?

மார்ச் நடுவில் ஒரு காலை, பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே, இமிக்ரேஷன் போலீஸ் வகுப்பு வாசலில் வந்து நின்றது.

அனுமதி முடிந்தும் தங்கியது, அதாவது ஓவர்ஸ்டே, 45 நாள். ஒரு நாளுக்கு 500 பாட் அபராதம், அதிகபட்சம் 20,000. நம் பணத்தில் ஏறக்குறைய அரை லட்சம். அதோடு விட்டதா? அனுமதி இல்லாமல் வேலை செய்தால் 5,000 முதல் 50,000 பாட் வரை தனி அபராதம், நாடு கடத்தல். அதுவரை தடுப்புக் காவல். ஊருக்குத் திரும்ப டிக்கெட்டும் அவள் வீட்டுச் செலவு. ஏஜென்சி ஆளின் போன் அணைந்தே கிடந்தது. இங்கே கன்சல்டன்சியில், "நாங்க டிக்கெட் மட்டும்தான் போட்டுக் கொடுத்தோம்" என்று கைவிரித்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. ஓவர்ஸ்டே 90 நாளைத் தாண்டும் முன் தானாகவே விமான நிலையம் போய் அபராதத்தைக் கட்டிவிட்டுக் கிளம்பினால் அதற்காக மறுபடி நுழையத் தடை கிடையாது. பிடிபட்டால், ஒரு வருடத்துக்குள் என்றாலும் 5 வருடத் தடை! 2016 முதல் இதுதான் அங்கே விதி. யாருமே அவளிடம் இதைச் சொல்லவில்லை. அந்த நாடு கடத்தலுக்கு இனி எந்த நாட்டு விசாவுக்குப் போனாலும் பதில் சொல்ல வேண்டும். தப்பு செய்தது அவளா?

சரியான வழி எப்படி இருக்கும் தெரியுமா? பள்ளி தன் கடிதங்களை அனுப்பும். அவற்றை வைத்து நான்-இமிக்ரன்ட் பி விசாவை இங்கே இருக்கும்போதே வாங்க வேண்டும். அங்கே போனதும் பள்ளி உங்கள் பெயரில் ஒர்க் பெர்மிட் எடுக்கும். அதில் எந்தப் பள்ளி என்று எழுதியிருக்கும், அதிகாரிகளுக்குத் தெரிவிக்காமல் வேறு இடத்தில் மாலை டியூஷன் எடுத்தால்கூடக் குற்றம். ஆசிரியர் உரிமம் இல்லாதவருக்கு, குருசபா என்ற ஆசிரியர் மன்றத்திடம் பள்ளி தற்காலிக அனுமதி கேட்க வேண்டும். நம் காதுக்கே புரியும் பெயர், குரு சபை. டெஃபல் சர்டிபிகேட் இந்த மூன்றில் ஒன்றுக்கும் ஈடாகாது. உள்ளே போன பிறகு விசாவை மாற்றிக்கொள்ளும் வழி இருப்பதும் உண்மைதான். ஆனால் பள்ளி எல்லாக் காகிதமும் தந்தால்தான் அது நடக்கும். தராவிட்டால் நடுத்தெருவில் நிற்பது உங்கள் பிள்ளை.

"டூரிஸ்டாகப் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

பள்ளியின் பெயரைக் கேட்டால் "அங்கே போனதும் தெரியும்" என்கிறார்களா? ஆபத்து. மொழி படிக்கிற எஜுகேஷன் விசா எடுத்துத் தருகிறோம், அதில் போய்ப் பாடம் எடு என்கிறார்களா? அதுவும் ஆபத்து. பட்டச் சான்றிதழ், போலீஸ் சான்று, டோயிக் மாதிரி ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் எதுவும் கேட்கவில்லையா? சந்தோஷப்படாதீர்கள். கேட்காதவன் பெர்மிட் எடுக்கப் போவதில்லை. ஒப்பந்தத்தில் எத்தனை மாதச் சம்பளம் என்று எண்ணிப் பாருங்கள். மார்ச் முடிவிலிருந்து மே நடுவரை அங்கே பெரிய விடுமுறை, அதற்குப் பல ஏஜென்சிகள் காசு தருவதில்லை.

இனிச் சொல்லப் போவதை இரண்டு முறை படியுங்கள்.

டீச்சர் வேலைக்கு டெமோ கிளாஸ் எடுக்கச் சொல்வார்கள். அதை விட்டுவிட்டு, டைப்பிங் வேகம் எவ்வளவு என்று கேட்டால் அது பள்ளிக்கூடமே இல்லை! மியான்மர் எல்லையில் இணைய மோசடி வளாகங்கள் இருக்கின்றன. ஆங்கிலம் தெரிந்த பட்டதாரிகளை அங்கே அடைத்துவைத்து, வெளிநாட்டுக்காரர்களிடம் பணம் பறிக்கும் சாட்டிங்கில் உட்கார வைக்கிறார்கள். வேலை பாங்காக்கில் என்று சொல்லிவிட்டு, விமான நிலையத்தில் ஏற்றிக்கொண்ட கார் மணிக்கணக்கில் மே சோட் பக்கம் ஓடினால் உஷார், அது எல்லை ஊர். மோய் ஆற்றைத் தாண்டினால் மியாவடி. தாண்டிவிட்டால் நம் போலீசும் இல்லை, தாய்லாந்து போலீசும் இல்லை. 2025 மார்ச்சில் இரண்டே நாளில், அந்த வளாகங்களிலிருந்து மீண்ட 549 இந்தியர்களை மே சோட்டிலிருந்து விமானப்படை விமானங்கள் ஏற்றி வந்தன. அத்தனை பேரும் ஏதோ ஒரு வேலை என்று நம்பிப் போன பிள்ளைகள்தானே!

பட்டதாரி என்பதால் நம் பக்கத்திலும் தடுப்பு குறைவு. பத்தாம் வகுப்பு தேறினாலே குடியேற்ற அனுமதி வாங்கும் கட்டாயம் கிடையாது, விமான நிலையத்தில் அந்த அனுமதியை யாரும் கேட்பதில்லை. ஆகவே நீங்கள்தான் கேட்க வேண்டும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். இ-மைக்ரேட் தளத்தில் பெயரைத் தேடுங்கள். அவர் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. லட்சக்கணக்கில் கேட்டால் அந்த ஒன்றே போதும், வெளியே வந்துவிடுங்கள். பள்ளியின் போன் நம்பரை ஏஜென்டிடம் வாங்காதீர்கள். நீங்களே தேடி எடுத்து, நீங்களே கூப்பிட்டுப் பேசுங்கள்.

ஏற்கெனவே அங்கே போய், நாள் கடந்து, யாரிடமும் சொல்லாமல் இதைப் படித்துக்கொண்டிருக்கிறாயா கண்ணு? அனுமதி முடிந்த பிறகு கடந்த நாட்களை எண்ணு. 90 ஆகவில்லை என்றால் இன்னும் வழி இருக்கிறது. பாஸ்போர்ட்டை அவன் தரவில்லை என்றால் பாங்காக்கில் இருக்கும் இந்தியத் தூதரகத்துக்குப் போ, ஊர் திரும்ப அவசரச் சான்று தருவார்கள். இன்று ராத்திரியே அம்மாவுக்குப் போன் பண்ணு. நகையைப் பற்றி இப்போது யோசிக்காதே.